டிரம் அண்ட் பியூகிள் கோரில் இருந்தவர்களின் நினைவுகளை அறிய விரும்புகிறேன்

டாலஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் கருவியை வாசித்துவந்தவள், குளிர்காலத்தில் ஒரு டிரம் அண்ட் பியூகிள் கோரின் (பித்தளைக் கருவிகளும் முரசுகளும் கொடிகளுமாகக் களத்தில் நகர்ந்தபடி காட்சி நடத்தும் இளைஞர் குழு) தேர்வு முகாம்களுக்குச் சென்றாள். இப்போது கோடைப் பருவத்துக்கான இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. மே மாதக் கடைசியில் பயிற்சிக்குப் புறப்பட்டால், ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் இறுதிப் போட்டி முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

நானும் என் மனைவியும் திருச்சியில் வளர்ந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த பேண்டு வாத்தியம் சுதந்திர தின அணிவகுப்பில் கேட்டது மட்டுமே. சென்ற ஜூலையில் சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் டி.சி.ஐ. (டிரம் கோர் இண்டர்நேஷனல் என்ற அமைப்பு) நடத்திய போட்டிக்கு மகள்தான் எங்களை அழைத்துச் சென்றாள். ஏறத்தாழ 150 இளைஞர்கள் கையில் இசைக்குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஓடிக்கொண்டும் பின்னோக்கி நடந்துகொண்டும் வாசித்ததையும், ஒரு பெரிய வட்டம் கலைந்து சில நொடிகளில் நேர்கோடுகளாகச் சேர்ந்ததையும் பார்த்தோம். டாலஸுக்குத் திரும்பும் வழி முழுவதும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

பார்வையாளர் இருக்கையிலிருந்து தெரிவது அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள்தாம். மற்ற நேரத்தில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், இவ்வளவு பாடுபட்டும் எதற்காக ஆண்டுதோறும் திரும்பிப் போகிறார்கள், வயது வரம்பான 21ஓடு எல்லாம் முடிந்த பிறகு அவர்களிடம் என்ன தங்குகிறது என்பதையெல்லாம் உறுப்பினராக இருந்தவர்கள் சொன்னால்தான் எனக்குப் புரியும். மதிப்பெண் பட்டியல்களும் காணொளிகளும் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியவை உங்கள் நினைவுகள். அப்படி யாராவது இங்கே இருந்தால், நேரம் எடுத்துக்கொண்டு விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பாரிடோன் எழுதியது:

வணக்கம். ஒன்பது வயதில் பெற்றோருடன் மதுரையிலிருந்து இல்லினாய் மாநிலத்துக்கு வந்தவன் நான். எண்பதுகளின் பிற்பகுதியில், வயது வரம்பு முடியும்வரை, மத்திய மேற்கில் ஒரு கோரில் பாரிடோன் பியூகிள் வாசித்தேன். அந்தக் கோர் இன்று இல்லை. அன்றைய கோர்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

உங்கள் மகள் வாசிக்கப்போகும் கருவியும் நான் வாசித்த கருவியும் வேறு வேறு. எங்களுடையவை ஜி சுருதியில் அமைந்த பியூகிள்கள், இரண்டே வால்வுகள் (விரலால் அழுத்தி ஸ்வரத்தை மாற்றும் விசைகள்) கொண்டவை. ராணுவப் பியூகிளுக்கு வால்வே கிடையாது. அந்த மரபிலிருந்து வந்ததால் டி.சி.ஐ. விதிகளும் மெல்ல மெல்லத்தான் தளர்ந்தன: 1977இல் இரண்டு வால்வுகளுக்கும், 1990இல் மூன்றாவது வால்வுக்கும், 2000இல் எந்தச் சுருதியிலும் அமைந்த கருவிகளுக்கும் அனுமதி கிடைத்தது. மூன்றாம் வால்வு இல்லாத கருவியில் கீழ்ஸ்தாயியின் சில ஸ்வரங்கள் வரவே வராது. இசையமைப்பாளர்கள் அந்த இடைவெளிகளை மனத்தில் வைத்துத்தான் எங்களுக்கு எழுதினார்கள். இன்றைய கருவிகள் சுருதி சுத்தத்தில் மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஜி பியூகிள்கள் ஒன்றாக முழங்கியபோது எழுந்த அந்த அகன்ற, சற்றே முரட்டுத்தனமான நாதத்தை நேரில் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்குக் கற்பித்தவர்கள் அதற்கும் முந்திய தலைமுறை. முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. ஆகிய முன்னாள் படைவீரர் சங்கங்களும், பிறகு தேவாலயங்களும் சாரணர் குழுக்களும் ஊருக்கு ஊர் இத்தகைய கோர்களை நடத்திவந்தன. சிகாகோவின் கேவலியர்ஸ் 1948இல் ஒரு சாரணர் குழுவிலிருந்து பிறந்ததுதான். போட்டி விதிகளைப் போட்டியிடும் கோர்களே தீர்மானிக்க வேண்டும் என்று கோர் இயக்குநர்கள் தனியே திரண்டதன் விளைவாக டி.சி.ஐ. உருவாகி, 1972இல் விஸ்கான்சினின் வைட்வாட்டர் நகரில் முதல் இறுதிப் போட்டி நடந்தது. அதில் வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். எங்கள் ஆசிரியர்களில் சிலர் அந்தக் காலத்தில் ஆடியவர்கள். அப்போது ‘டிக்’ முறை இருந்தது. நடுவர்கள் களத்துக்குள்ளேயே வரிசைகளின் ஊடே நடந்து, கண்ணில் பட்ட, காதில் விழுந்த ஒவ்வொரு பிழைக்கும் 0.1 புள்ளி குறைத்துக்கொண்டே போவார்கள். 1984இல் அம்முறை கைவிடப்பட்டது. நான் சேர்ந்தபோது அது போய்விட்டிருந்தாலும், எங்கள் ஆசிரியர்களின் கண்கள் மட்டும் டிக் நடுவரின் கண்களாகவே இருந்தன.

நீங்கள் நினைவுகளைத்தானே கேட்டீர்கள். ஐயோவாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மைதானம், சூரியன் சாய்ந்துகொண்டிருந்த நேரம், சுற்றிலும் சோளக் கொல்லைகள். பித்தளைக் கருவிக்காரர்கள் எல்லோரும் அரைவட்டமாக நிற்கிறோம். எங்கள் கடைசிப் பகுதியின் முடிவில் நீண்டு நிற்கும் ஒரு மேஜர் கார்டு (மூன்று ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் தொகுப்பு) பல நாட்களாகச் சரியாக அமையவில்லை. ஆசிரியர் கருவிகளைக் கீழே வைக்கச் சொல்லி, அவரவர் ஸ்வரத்தை வாயால் பாடச் சொன்னார். பிறகு இரண்டாம் பாரிடோன்களான எங்களைப் பார்த்து, கார்டின் மூன்றாம் ஸ்வரம் உங்களிடம் இருக்கிறது, பியானோவில் கேட்கும் இடத்தில் அதை வைக்காதீர்கள், ஒரு மயிரிழை இறக்கிப் பிடியுங்கள் என்றார். பாடினோம். மறுபடியும் பாடினோம். அதன் பிறகு கருவியை எடுத்து வாசித்தோம். உதட்டை இம்மியளவு தளர்த்தியபோது எங்கள் ஸ்வரம் மற்றவர்களுடைய ஒலிக்குள் போய்ப் பொருந்தியது. நான் வாசிப்பது எனக்கே தனியாகக் கேட்கவில்லை. அதே கணத்தில் எல்லோருடைய தலைக்கும் மேலே, சோப்ரானோக்காரர்கள் யாரும் வாசிக்காத ஓர் உயர்ந்த ஸ்வரம் தெளிவாக ஒலித்தது. சுருதி சுத்தமாகச் சேரும்போது மேல்சுரங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் அப்படிக் கேட்கும் என்ற விளக்கத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஒலி எங்களில் ஒருவருக்கும் சொந்தமில்லை, எங்களில் ஒருவர் விலகினாலும் அது இருக்காது என்பதுதான். வகுப்பில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த ஊரில் வளர்ந்த எனக்கு, நான் எங்கே சேர்ந்தவன் என்ற கேள்வி அந்த அரைவட்டத்தில் நின்றபோது எழவே இல்லை.

இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு கோர்கள்தாம் போகும். என் கடைசி ஆண்டில் நாங்கள் பதின்மூன்றாவது வந்தோம். அதில் வலித்தது தோல்வி மட்டுமன்று. சனிக்கிழமை இரவு நிறைந்த அரங்கில் கடைசியாக ஒருமுறை வாசிப்போம் என்று நம்பி, நண்பகல் வெயிலில் பாதி காலியாக இருந்த இருக்கைகளின் முன் வாசித்துவிட்டு இறங்கினோம். மாலையில் முடிவு வந்த பிறகுதான் அதுவே எனக்குக் கடைசி முறையாக ஆகிவிட்டது என்று தெரிந்தது. அன்று இரவு எங்கள் டிரம் மேஜர் (கையசைத்து எங்கள் வாசிப்பை நடத்துபவர்), எங்கள் வயதை ஒத்த பெண், பேருந்துகள் நின்றிருந்த இடத்தில் எங்களை அரைவட்டமாக நிற்க வைத்து அந்தக் கார்டை மட்டும் வாசிக்கச் சொன்னார். சீருடை கழற்றி, செருப்புக் காலோடு நின்று வாசித்தோம். பக்கத்தில் நின்றிருந்த வேறு கோர்களின் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மரிம்பாக்காரன் எழுதியது:

பழைய பாரிடோன் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் சென்ற பத்தாண்டின் நடுப்பகுதியில் முன்வரிசைத் தாளக் குழுவில் மரிம்பா (மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்தவன். களத்தின் முன்விளிம்பில் நகராமல் நிற்கும் குழு அது. 1982 வரை எல்லாத் தாளக் கருவிகளையும் தோளில் சுமந்துகொண்டே வாசிக்க வேண்டியிருந்ததாம். தரையில் நிறுத்தி வாசிக்கும் அனுமதி வந்த பிறகே மரிம்பாவும் டிம்பனியும் இவ்வுலகில் சரியாகக் காலூன்றின. 2004 முதல் எங்களுக்கு ஒலிபெருக்கி வைக்கவும் அனுமதி உண்டு.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். களத்தின் ஆழம் 160 அடி. பின்கோட்டில் நிற்கும் ஸ்னேர் முரசுக்காரர் அடிக்கும் அடி முன்கோட்டில் இருக்கும் என் காதுக்கு வந்து சேர ஏறத்தாழ 0.14 நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் ஓடும் பாட்டில் அது கிட்டத்தட்ட அரைத் தட்டு. ஆகவே அவரும் நானும் ஒரே டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசித்தால் பார்வையாளர்களுக்கு இரண்டும் வெவ்வேறாகவே கேட்கும். அதனால் எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம், கையைப் பார்க்காதே, பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசி என்பது. கண்ணெதிரே கை ஒரு வேகத்தில் இறங்குகிறது. காது வேறொரு நேரத்தைச் சொல்கிறது. கண்ணை நம்பாமல் காதை நம்பப் பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. முகம் தெரியாத தூரத்தில், முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஒருவரை அப்படி முழுமையாக நம்பி வாசித்த அனுபவம் எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

சிறுவயதில் ஹூஸ்டனில் மிருதங்கம் கற்றிருந்தேன். ஐந்தைந்தாகப் பிரியும் ஒரு கடினமான பகுதியை ‘தகதகிட’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பழகுவதைப் பார்த்த பக்கத்து மரிம்பாக்காரர் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு வாரத்தில் எங்கள் வரிசை முழுவதும் அப்படித்தான் எண்ணியது. அவர்களில் இருவர் இன்றும் எனக்குச் செய்தி அனுப்பும்போது அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறார்கள்.

அன்றாட வாழ்க்கையைக் கேட்டீர்கள். காட்சி இரவு பத்து மணி அளவில் முடியும். கருவிகளை லாரியில் ஏற்றி, சாப்பிட்டு, பேருந்தில் ஏறித் தூங்கினால் விடியற்காலையில் வேறொரு மாநிலத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலில் விழிப்பு வரும். காற்று மெத்தையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு கூடைப்பந்துக் கூடத்தின் தரையில் விரித்து, மறுபடியும் மூன்று நான்கு மணி நேரம் தூங்குவோம். பிறகு உடற்பயிற்சி, பிரிவுவாரியான பயிற்சி, மாலையில் எல்லோரும் சேர்ந்த பயிற்சி. ஒரே எட்டு எண்ணிக்கை அளவு இசையை மறுபடி மறுபடி வாசித்துவிட்டு அவரவர் இடத்துக்கு ஓடித் திரும்புவோம். முதல் வாரத்தில் அது சலிப்பாகத்தான் இருக்கும். உங்கள் மகள் அந்த வாரத்தில் தொலைபேசியில் அழுதால் பதற வேண்டாம். மூன்றாவது வாரத்தில் அழைக்கவே மாட்டார்.

சமையல் வண்டி அம்மா எழுதியது:

நான் எந்தக் கருவியும் வாசித்ததில்லை. என் மகன் கான்ட்ரா என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசித்த கோடைகளில் தன்னார்வலராகச் சமையல் வண்டியில் வேலை செய்தேன். அவன் வயது முடிந்து வெளியேறிய பிறகும் ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் போய்க்கொண்டிருக்கிறேன். இதை உறுப்பினர் நினைவாக ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

பெரிய லாரியின் பின்பகுதி முழுவதையும் சமையலறையாக மாற்றியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் அடுப்புகள், மறுபக்கத்தில் குளிர்பெட்டிகள், நடுவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் போக முடியாத அளவு இடம். வாசிப்பவர்கள், ஆசிரியர்கள், ஓட்டுநர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இருநூறு பேருக்கு மேல் நாளுக்கு நான்கு வேளை உணவு. நான்காவது வேளை காட்சி முடிந்த பின்னிரவில், வாகன நிறுத்தத்தின் விளக்கடியில் பரிமாறப்படும். பரிமாறிய பின் பாத்திரங்களைக் கழுவி, எல்லாவற்றையும் கட்டி இறுக்கி, வண்டி புறப்பட்டு, அடுத்த ஊரில் பொழுது விடிவதற்கு முன்பே முட்டைக் கலவையைக் கிளறத் தொடங்க வேண்டும்.

அந்த வண்டியின் சன்னலிலிருந்து பார்த்தால் பிள்ளைகளின் நிலைமை நன்றாகத் தெரியும். சூடு தாங்காமல் வந்தவர் யார், தட்டில் பாதியை ஒதுக்குகிறவர் யார், இரண்டு நாட்களாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்பதெல்லாம் ஆசிரியர்களுக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் ஓக்லஹோமாவில் கடும் வெயில். பயிற்சியின் நடுவில் ஒரு புதிய டிரம்பெட் பையன் தண்ணீர்க் குடத்தை மறந்துவிட்டுத் தவித்து நின்றான். அவனோடு அதுவரை பேசிப் பார்த்திராத ஒரு மூத்த கான்ட்ராப் பெண், யாரும் சொல்லாமலே வரிசையிலிருந்து வந்து தன் குடத்தை அவன் காலடியில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். அதன் பிறகு இடைவேளைகளில் அவர்கள் இருவரும் அந்த ஒரே குடத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பருவம் முடியும்வரை பார்த்தேன்.

நாங்கள் சைவம் என்பதால் எனக்கு முதலில் கவலை இருந்தது. இப்போது பெரும்பாலான கோர்களில் சைவத்துக்கெனத் தனி வரிசை இருக்கிறது. முன்கூட்டியே படிவத்தில் எழுதித் தந்துவிடுங்கள்; ஒவ்வாமை இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். முடிந்தால் நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு வாரம் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். வெங்காயம் நறுக்கவும் சீருடையின் அறுந்த ஜிப்பைத் தைக்கவும் ஆள் எப்போதும் போதாது.

டாலஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஐயா எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் ஸ்வரத்தை இறக்கிப் பிடிக்கும் இடம் வந்ததும் அவள் கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கு இரண்டு கவலைகள் மீதம் இருக்கின்றன. ஒன்று, கட்டணம்: பயணச் செலவையும் சேர்த்தால் கல்லூரி முதலாண்டுக்கு ஒதுக்கிய தொகையில் கணிசமான பங்கு போய்விடும். மற்றொன்று, இத்தனை வாரங்கள் பெற்றோர் இல்லாமல் அவள் இருக்கப்போவது. நல்லபடியாக அமையாத அனுபவம் உள்ளவர்களும் மனம் திறந்து எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒரு பருவம் எழுதியது:

நான் கலர் கார்டு பிரிவில் ஒரே ஒரு கோடை இருந்தேன், மறுபடி போகவில்லை. ஆகவே என் சொல்லும் இங்கே இருக்கட்டும்.

கொடி, மரத் துப்பாக்கி, வாள் ஆகியவற்றைச் சுழற்றி உயரே எறிந்து பிடிப்பது எங்கள் வேலை. துப்பாக்கி ஆறு சுற்றுச் சுழன்று இறங்கும்போது அது எங்கே வரும் என்பதைக் கண் பார்ப்பதற்கு முன் கை அறிந்திருக்க வேண்டும். அறியும்வரை மணிக்கட்டும் முன்கையும் நீலம் பாய்ந்தே இருக்கும். எனக்கு ஜூலை நடுவில் மணிக்கட்டுத் தசைநாரில் வீக்கம் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு முடித்தேன். ஓய்வு எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்ல யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் நான் நின்றால் என் இடம் களத்தில் ஓட்டையாகத் தெரியும். அந்தப் பொறுப்புணர்ச்சிதான் இந்த அனுபவத்தின் பெருமை. பிள்ளைகளின் உடம்புக்கு அதுவே ஆபத்தும் ஆகும். உங்கள் மகள் சேரும் கோரில் முழுநேர உடற்பயிற்சி மருத்துவ உதவியாளர் உடன் வருகிறாரா, வெயில் கடுமையான நாளில் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்த சிலர் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் 2018இல் வெளிவந்தன. அதன் பிறகே விதிகள் கடுமையாயின. பணியாளர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா, புகார் சொல்ல வேண்டுமானால் கோருக்கு வெளியே யாரிடம் சொல்வது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நல்ல கோர்கள் இந்தக் கேள்வியை வரவேற்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, இன்று பல கோர்களில் பருவக் கட்டணம் 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. அவர்கள் கொள்ளையடிப்பதாக நான் நினைக்கவில்லை. பேருந்துகள், லாரிகள், எரிபொருள், உணவு எல்லாம் சேர்ந்தால் கட்டணம் மட்டும் போதவும் போதாது. ப்ளூ டெவில்ஸ், சாண்டா கிளாரா வான்கார்டு ஆகிய கோர்கள் பிங்கோ விளையாட்டு நடத்திப் பணம் திரட்டிவந்தவை. அப்படியிருந்தும், ஏழு முறை பட்டம் வென்ற வான்கார்டு 2023இல் பணநெருக்கடியால் களமிறங்கவில்லை. மறு ஆண்டுதான் திரும்பியது. 1934இல் தொடங்கிய கடேட்ஸ் கோர் 2024இல் மூடப்பட்டே விட்டது. அந்தச் செய்தி வந்த நாளில், அங்கே ஒருபோதும் ஆடாத நானே வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். உதவித்தொகை இருக்கிறது, தவணையும் கிடைக்கும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

என்னைத் திரும்பிப் போகவிடாமல் தடுத்தவை அந்தக் கட்டணமும் கல்லூரியின் கோடைப் பணிப்பயிற்சியும். அந்த ஒரு கோடையைக் கொடுத்துவிட்டு வேறு எதையும் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. எங்கள் எட்டுக் கொடிகளும் ஒரே நொடியில் நிறம் மாறித் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் சரியாக வந்த இரவுகளில், மூச்சு வாங்கும்போதே பக்கத்தில் நிற்பவளின் தோள் நிம்மதியில் தாழ்வதை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் என் திருமணத்துக்குக் கோயம்புத்தூர் வரை வந்தாள்.

பழைய பாரிடோன் எழுதியது:

தங்கை எழுதியது அனைத்தும் உண்மை. எங்கள் காலத்தில் வெயிலைப் பற்றியும் காயத்தைப் பற்றியும் பேசுவதே கோழைத்தனம் என்று எண்ணப்பட்டது. அது மாறியிருப்பது நல்லது.

டாலஸ்வாசி அவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். உங்கள் மகளின் கையில் விரைவில் ஒரு சிறு குறிப்பேடு வந்து சேரும். காட்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அவள் நிற்க வேண்டிய இடம் அதில் எழுதப்பட்டிருக்கும்: 45 கெஜக் கோட்டுக்கு வெளியே மூன்று அடி வைப்பு, முன்கோட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி வைப்பு என்பது போல. ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி வைப்பு என்பதே அடிப்படை அளவு. அதாவது ஒவ்வோர் அடி வைப்பும் 22.5 அங்குலம். அந்த அளவு கால்களில் ஏறிவிட்டால் இறங்காது. எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தாலும் என் கால் அந்த அளவில்தான் விழுகிறது.

இறுதி வாரத்துக்கு இண்டியானாபொலிஸ் போகும்போது சனிக்கிழமைக்கு மட்டும் சீட்டு வாங்காதீர்கள். வியாழக்கிழமை முதற்சுற்றில்தான் ஏறக்குறைய எல்லாக் கோர்களையும் பார்க்கலாம். வெள்ளியன்று 25, சனியன்று 12 என்று சுருங்கிவிடும். லூகாஸ் ஆயில் அரங்கில் 50 கெஜக் கோட்டுக்கு நேராக மேல்தட்டில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். கீழே உட்கார்ந்தால் முகங்கள் தெரியும். உருவங்கள் கலைந்து சேர்வது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். வியாழன் ஒருநாள் கீழே உட்கார்ந்து மகளைப் பாருங்கள், மற்ற இரண்டு நாளும் மேலே போய்விடுங்கள். மெல்லோஃபோன்களின் ஒலி அங்கே நன்றாக ஏறி வரும். ஜூலையில் சான் அன்டோனியோவுக்கு நானும் வருகிறேன். அவள் எந்தக் கோர் என்று தனிச்செய்தியில் எழுதினால், அன்று காலையில் அவர்கள் எங்கே பயிற்சி செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன். பெற்றோர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கப் பெரும்பாலும் விடுவார்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள்.